தந்திப் படிவத்தின் கீழ்ப்பகுதி

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மாலை சென்னையில் கூடி, குறியாக்கத்தைப் பற்றியும் அதன்மேல் அரசு போடும் கட்டுப்பாடுகளைப் பற்றியும் பேசுகிற நண்பர்களுக்கு,



போன கூட்டத்தில் கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்த நரைத்த தலை நான்தான். எதிர்வீட்டுப் பையன் கூப்பிட்டான், வந்தேன். இரண்டு மணி நேரம் இருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தை நடத்திய பெண், "ஐயா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். சொல்ல விஷயம் இருந்தது. எழுந்து நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்காரக்கூடியதாக அது இல்லை. அதனால்தான் கடிதம். உங்களுக்கு மட்டும் எழுதாமல் ஊரே படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன். 1981-ல் சேர்ந்தேன். 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தும்வரை அந்த வேலைதான். போன கூட்டத்தில் நீங்கள் செய்து காட்டிய ஒரு காரியம் என்னை அந்த நாற்காலிக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

இரண்டு பெண்கள் தங்கள் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். ஐந்தைந்து எண்களாகப் பன்னிரண்டு கட்டு, மொத்தம் 60 எண்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தன் திரையில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். நாங்களும் இதைச் செய்திருக்கிறோம். தந்தியில் எண் வந்தால் செய்தி முடிந்தபின் அந்த எண்களை மட்டும் இன்னொரு முறை அனுப்புவோம். ஒரு சுழி மாறினால் ஒரு குடும்பம் தவறான ரயிலுக்குப் போய் நிற்கும். அந்தப் பெண்கள் படித்து முடித்து நிமிர்ந்தார்கள். "60 எண்ணும் ஒத்துப்போச்சு. அப்படின்னா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற யாரும் இல்ல" என்றார் ஒருவர். எல்லாரும் கைதட்டினீர்கள்.

எனக்குக் கை எழவில்லை. அந்த "நடுவுல" இருக்கிற ஆளாக 32 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான்.

நடுவில் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கவுண்டரில் படிவத்தை வாங்கி, வார்த்தைகளை எண்ணி, காசு வாங்கி, மோர்ஸ் கீயில் அடித்து அனுப்பியவன் நான். மறுமுனையிலிருந்து வருவதைக் காதால் கேட்டு எழுதியவனும் நான். ஒரு வீட்டில் சாவு விழுந்த செய்தி அந்த வீட்டுக்குத் தெரிவதற்கு அரை மணி முன்னால் எனக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வருவதாகச் சொன்ன மகன் வரவில்லை என்பதும், எந்தப் பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது என்பதும் என் கை வழியாகத்தான் போனது. ஊரில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு என்மேல் மரியாதை, மீதிப் பேருக்குக் கூச்சம்.

என்னிடமிருந்து மறைக்கத் தெரிந்தவர்கள் வியாபாரிகள் மட்டும்தான். நான் வேலை பார்த்தது தெற்கே ஒரு சந்தை ஊரில். பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல் என்று விலை மணிக்கு மணி ஏறி இறங்கும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் தந்தியில், "மாமா புறப்படவில்லை, அத்தைக்கு இரண்டு நாள் ஓய்வு" என்று இருக்கும். மாமா மல்லியா, அத்தை மிளகாயா, ஓய்வு என்றால் வாங்கு என்று பொருளா விற்காதே என்று பொருளா, எனக்குத் தெரியாது. சந்தையில் எதிர்க்கடைக்காரர் எனக்கு வடை வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும் சொல்ல முடியாது. எழுத்து எழுத்தாக என் கை வழியே போன செய்தி எனக்கு விளங்கவில்லை. நீங்கள் குறியாக்கம் என்று சொல்வதை அந்த ஊர் மளிகைக்காரர்கள் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். அதற்காக யாரும் அவர்களைக் குற்றவாளிகள் என்று நினைக்கவில்லை. தொழில் நடத்துகிறவன் தன் கணக்கைத் தெருவில் விரித்து வைக்கமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஏழை எளியவர்களுக்கு அந்தத் துண்டுச் சீட்டு இல்லை. அவர்களுடைய செய்தி அப்படியே எங்கள் முன் கிடந்தது.

இனித்தான் கூட்டத்தில் சொல்லாமல் விட்டது வருகிறது. தந்திப் படிவத்தில் மேலே பெறுநர் முகவரி, நடுவில் செய்தி, அதற்கும் கீழே ஒரு பகுதி இருக்கும். அனுப்புகிறவருடைய பெயரும் முகவரியும் அங்கே எழுத வேண்டும். அது தந்தியில் போகாது, அலுவலகப் பதிவுக்கு மட்டும். செய்தி போய்ச்சேராவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல உதவும். நல்ல நோக்கம்தான். அந்தப் படிவங்களை நாள்வாரியாகக் கட்டிச் சில மாதம் வைத்திருப்போம்.

1986-ல் ஒரு மாலை, கவுண்டர் மூடப்போகும் நேரம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். கையில் ஏழெட்டு வயதில் ஒரு பிள்ளை. யாரோ இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த தாளை வைத்திருந்தார். மாவட்டக் கலெக்டருக்குத் தந்தி. இரண்டு பேருக்குத் தீக்காயம், முதலாளி மறைக்கிறார், விசாரிக்க வேண்டும் என்று செய்தி. நானே படிவத்தில் எடுத்து எழுதினேன். கீழ்ப்பகுதிக்கு வந்து பெயர் கேட்டபோது அவர் தயங்கினார்.

"பேரு போவாதுல்ல?"

"போகாதும்மா. அது ஆபீசுக்கு மட்டுந்தான்."

சொன்னார். எழுதினேன். காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். என்னோடு தினமும் டீ குடிக்கிறவர், அந்த முதலாளிக்கு வேண்டியவர். "கலெக்டருக்குத் தந்தி யாரு குடுத்தது தம்பி?" என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு அந்த முதலாளி உதவுவதாகச் சொல்லியிருந்ததை ஞாபகப்படுத்தவும் இல்லை. சும்மா கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் உள்ளே போய் அந்த நாளின் படிவக் கட்டை எடுத்து வந்தேன். நூலை அவிழ்த்தேன். அந்தப் படிவம் மேலே இருக்கும்படி, அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. கட்டு வைத்தபடியே இருந்தது. நான் எதையும் சொல்லவில்லையே என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அதே பெண் மறுபடி வந்தார். இந்த முறை தந்தி அவருடைய அண்ணனுக்கு. வேலை போய்விட்டது, பிள்ளையோடு வருகிறேன் என்று செய்தி. நான் வார்த்தைகளை எண்ணினேன், காசு வாங்கினேன். கீழ்ப்பகுதியில் பெயரும் முகவரியும் சொன்னார். என்னை நம்பித்தான் சொன்னார். எழுதிக்கொண்டு, உள்ளே போய் என் கையாலேயே அடித்து அனுப்பினேன்.

தந்திச் செய்தியை வெளியே விடுகிற ஊழியருக்குச் சிறைத்தண்டனை உண்டு என்று 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்திலேயே இருந்தது. எனக்கு அது தெரியும். அப்படியும் செய்தேன். யாரும் கேட்கவில்லை, எங்கேயும் பதிவாகவில்லை. என் மனைவியிடம்கூடப் பல வருடம் கழித்துத்தான் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்கள் கூட்டத்தில் அன்று அலசிய விதியைக் கேட்டபோது என் கண்முன் வந்தது அந்தக் கட்டுதான்.

2021 பிப்ரவரி 25-ல் அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள். அதில் 4(2). இந்தியாவில் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள செய்திப் பரிமாற்றச் சேவை எதுவானாலும், நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அதிகாரியோ உத்தரவிட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டித்தர வேண்டும். இதற்கு அரசு தரப்பில் சொல்லும் சமாதானம் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. செய்தியின் உள்ளடக்கத்தை வெளியிடத் தேவையில்லையாம், அனுப்பியவரை அடையாளம் காட்டினால் போதுமாம்.

நண்பர்களே, நானும் உள்ளடக்கத்தைத் தொடவில்லை. அந்தப் பெண் எழுதிய ஒரு வார்த்தையைக்கூட அந்த ஆளிடம் சொல்லவில்லை. பெயரை மட்டும்தான் காட்டினேன். அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க அது போதுமானதாக இருந்தது.

இந்த விதிக்கு விதை விழுந்தது நம் ஊரில்தான் என்பதை உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், ஆனால் வேகமாகக் கடந்து போய்விட்டார். அங்கே நின்று பேச வேண்டும். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பொதுநல வழக்குகள் வந்தன. சமூக வலைதளக் கணக்குகளையும் மின்னஞ்சலையும் ஆதாரோடு இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கோ அதோடு முடியாமல், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்தது. முடியும் என்று சொன்னவர் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, பின்னாளில் அந்த நிறுவனத்தின் இயக்குநரானவர். ஒவ்வொரு செய்தியோடும் அதை எழுதியவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்பலாம், அந்த அடையாளத்தைப் பூட்டி, சாவியை வாட்ஸ்அப் நிறுவனத்திடம் வைக்கலாம், உத்தரவு வரும்போது திறக்கலாம் என்பது அவர் தந்த யோசனைகளில் ஒன்று. மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்து அறிக்கை கொடுத்தார். போன் செயலியையே மாற்றியமைக்கத் தெரிந்தவன் வேறொருவர் அடையாளத்தை ஒட்டி அனுப்பிவிடுவான், குற்றம் செய்யாதவர் மாட்டிக்கொள்வார் என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. அது முடிவதற்குள் யோசனை விதியாகவே வந்துவிட்டது.

காமகோடி சொன்னதை நான் தவறான எண்ணத்தோடு சொன்னதாக நினைக்கவில்லை. தந்திப் படிவத்தை அச்சடித்தவரும் நல்ல எண்ணத்தோடுதான் கீழ்ப்பகுதியை வைத்தார். ஒரு குற்றவாளியின் செய்தியை என்றைக்கோ ஒரு நாள் தேட வேண்டி வரலாம் என்பதற்காக, இன்றைக்கு எல்லாருடைய எல்லாச் செய்தியிலும் கீழ்ப்பகுதியை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. எந்தச் செய்தி நாளை கேட்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா? அதுதான் இதிலுள்ள சிக்கல். காலை வணக்கப் பூவிலும், டாக்டருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டிலும், சங்கத் தோழர் அனுப்பிய வேலைநிறுத்த அறிவிப்பிலும் முத்திரை விழும்.

விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் ஆளாகக் கருதப்படுவார். மலேசியாவில் இருக்கும் சித்தப்பா எதையோ அனுப்புகிறார். விவரம் தெரியாமல் குடும்பக் குரூப்பில் போடுகிறாள் இங்கே ஒரு கல்லூரிப் பெண். சட்டத்தின் கண்ணில் அதை உண்டாக்கியவள் அவள்தான். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு நம்மிடம் எத்தனை இருக்கிறது?

வாட்ஸ்அப் நிறுவனம் 2021 மே மாதமே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிபதிகளிடம் சொன்னார். ஒரு அமெரிக்க நிறுவனத்தின் தயவில் நம் அந்தரங்கம் நிற்பது எனக்கும் பிடித்தமான விஷயமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தது ஒரு நிறுவனத்துக்காக இல்லை. வழக்குத் தொடுத்த புட்டசாமி ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, தீர்ப்பு வந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தவர். அந்த வயதில் அவரால் முடிந்திருக்கிறது.

அரசின் பழைய முயற்சிகளை நீங்கள் திரையில் வரிசையாகக் காட்டினீர்கள், எனக்குப் பயனாக இருந்தது. இணைய சேவை உரிமத்தில் 40 பிட் வரைதான் அனுமதி இல்லாமல் குறியாக்கம் செய்யலாம் என்று ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்ததும், அதே சமயம் வங்கிகள் அதைவிடப் பல மடங்கு வலுவான பூட்டைப் போட்டுத்தான் நம் பணத்தைக் காத்ததும் நான் அறியாதது. 2015 செப்டம்பரில் வந்த தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவு மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாம் அனுப்பும் செய்தியைப் பூட்டாத வடிவில் 90 நாள் நாமே வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும் என்றது. வீட்டுக்கு வீடு ஒரு தந்தி அலுவலகப் பதிவறை! கூச்சல் எழுந்ததும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை நினைத்து நாம் ஓய்ந்துவிட்டோம். 2023-ல் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டம், இடைமறிக்கும் செய்தியைப் புரியும் வடிவில் தர வேண்டும் என்று சொல்கிறது. நான் கற்ற 1885-ஆம் வருடத்துச் சட்டத்தில் "புரியும் வடிவில்" என்ற நிபந்தனை இல்லை. மாமா, அத்தை என்று எழுதிய வியாபாரியிடம் போய் அகராதியைக் கொடு என்று கேட்க எங்களை யாரும் அனுப்பவில்லை.

"உத்தரவு இருந்தால்தானே கொடுப்பார்கள், சும்மாவா கொடுப்பார்கள்?" என்று உங்களிடம் கேட்பார்கள். என்னிடமும் கேட்கிறார்கள். நீதிமன்றத்தை விட்டால் உத்தரவைப் போடுவது உள்துறைச் செயலர். அதைப் பிறகு பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்களும் செயலர்களே. முன்கூட்டி ஒரு நீதிபதி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவேளை அதெல்லாம் சரியாக இருந்தாலும், என் கவுண்டருக்கு வந்தவர் உத்தரவு எதையும் கொண்டுவரவில்லையே. பெயர் எழுதப்பட்டு ஒரு இடத்தில் இருந்தது, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பெரிய இடங்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. கிரீஸ் நாட்டில் 2004, 2005-ல் பிரதமர் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் செல்பேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டன. கேட்டவர்கள் ஒட்டுக் கேட்கும் வசதியைப் புதிதாக உண்டாக்கவில்லை. போலீசார் சட்டப்படி ஒட்டுக் கேட்பதற்காகவே எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்த வசதியைத் திருட்டுத்தனமாக இயக்கிவிட்டார்கள். இப்படி நடக்கிறது என்று தெரிவதற்குள் பல மாதம் ஓடிவிட்டது. 2024-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஊடுருவல்காரர்கள் புகுந்தபோதும் அவர்கள் கை நீண்ட இடங்களில் ஒன்று அதே வசதிதான். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தன் உயர் அதிகாரிகளுக்கு என்ன சொன்னது தெரியுமா? முனைக்கு முனை பூட்டப்பட்ட செயலியிலேயே பேசுங்கள் என்றது. பல வருடமாக அந்தப் பூட்டை எதிர்த்து வந்த அரசுதான் அது.

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த எல்லாருக்கும் அது வசதிதான்.

இப்போது உங்கள்மேல் எனக்குள்ள வருத்தத்தைச் சொல்கிறேன். பெரியவன் சொல்கிறான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று முன்வரிசையில் நீலப் புடவையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கேள்வி நேரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். "2024 பிப்ரவரி எட்டாம் தேதி சென்னையில பதிமூணு ஸ்கூலுக்கு வெடிகுண்டு மெயில் வந்துச்சு. போலீசால அனுப்புனவனைப் பிடிக்க முடியலைன்னா என் புள்ளைக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?" அதற்கு மேடையிலிருந்து வந்த பதில், "அது வேற சப்ஜெக்ட் மேடம்." ஓரிருவர் சிரித்தீர்கள். அவர் டீ வரும்முன் எழுந்து போய்விட்டார். நான் கவனித்தேன்.

அது வேறு சப்ஜெக்ட் இல்லை. அதுதான் சப்ஜெக்ட். அன்றைக்கு என் பேத்தியின் பள்ளிக்கு மெயில் வரவில்லை. அப்படியும் வாட்ஸ்அப்பில் பரவிய செய்தியைப் பார்த்து மதியமே வாசலில் நூறு பேர் கூடிவிட்டார்கள், நானும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த அரை மணி நேரம் என்னிடம் யாராவது, "எல்லார் போனையும் திறந்து பார்த்தால் அவனைப் பிடிக்கலாம், கையெழுத்துப் போடு" என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். அந்த மெயில்களுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் போலீஸ், அவை வந்த வழியான ப்ரோட்டான் மெயில் சேவையையே முடக்கச் சொல்லி மத்திய அரசைக் கேட்டது. அப்போது அது நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், பெண் ஊழியரைப் பற்றி ஆபாச மெயில்கள் வந்த விவகாரத்தில், கர்நாடக உயர் நீதிமன்றம் அதே சேவையை முடக்க உத்தரவிட்டது. புகார் கொடுத்தவர்கள் பட்ட வேதனை உண்மையானது. அதைத் தள்ளிவிட்டுப் பேசுகிற யாருடைய பேச்சையும் ஊர் கேட்காது, கேட்கவும் கூடாது.

அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்வேன் என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில், அவர் பயம் சரியானது என்பேன். ஒரு சேவையை முடக்கினால் மிரட்டுகிறவன் இன்னொன்றுக்குப் போகிறான், மிரட்டல் மெயில்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்பேன். போலீசிடம் வேறு வழிகள் உண்டு. பிடிபட்ட போன், யார் யாரோடு எப்போது தொடர்பு கொண்டார் என்ற பதிவு, பணம் போன தடம், நேரில் பார்த்தவர் சாட்சி. செய்தியைத் திறக்காமலே இவற்றை வைத்துத்தான் பெரும்பாலான வழக்குகளை நடத்துகிறார்கள். அதற்கு ஆளும் பயிற்சியும் கூடுதலாகக் கொடுங்கள் என்று நாமே கேட்க வேண்டும். கடைசியாக, கஷ்டமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன். பூட்டு இருக்கும்வரை சில கயவர்கள் தப்புவார்கள், அம்மா. பூட்டை எடுத்துவிட்டால் உங்கள் மகளின் செய்தி ஒரு கவுண்டரில், எவனோ ஒருவன் பக்கம் திருப்பி வைக்கப்பட்டுக் கிடக்கும். இரண்டில் ஒரு பயத்தோடு வாழ்ந்தாக வேண்டும். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் முதல் பயத்தோடு வாழ நான் தயார்.

இதே போல 2018 மே மாதத்தையும் நீங்கள் தவிர்க்க முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே கூடி அடித்தது. 65 வயதுப் பெண்மணி செத்துப்போனார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பரவிய வதந்திகளை முன்வைத்துத்தான் "முதலில் அனுப்பியவன் யார்" என்று அரசு கேட்க ஆரம்பித்தது. நியாயமான கோபம். ஆனால் அந்த ஊரில் வதந்தியை முதலில் எழுதியவனைப் பிடித்திருந்தால் கல்லைத் தூக்கியவன் கை நின்றிருக்குமா? அந்த வருடம் ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு போட்டது. யாருடைய செய்தியையும் படிக்காமல், யார் பெயரையும் எழுதி வைக்காமல் செய்த மாற்றம் அது. இப்படி இன்னும் என்ன செய்யலாம் என்று யோசிக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

இன்னொன்று. உங்கள் கூட்டத்தில் முக்கால்வாசி இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது, கூட வந்திருந்த எதிர்வீட்டுப் பையனின் அம்மாவுக்குப் புரியவில்லை. "பேக்டோர்", "மெட்டாடேட்டா", "எஸ்க்ரோ" என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் அகராதியில் சொல் தேட வேண்டாம். கீழ்ப்பகுதி என்று சொல்லுங்கள், படிவக் கட்டு என்று சொல்லுங்கள், வியாபாரியின் துண்டுச் சீட்டு என்று சொல்லுங்கள். கடன் செயலியில் வாங்கிய கடனுக்காக, வீட்டுப் பெண்ணின் படத்தை மாற்றிப் போட்டு மிரட்டப்பட்டவர்களுக்கு அந்தரங்கம் என்றால் என்னவென்று நீங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்களை வரவழைத்தால் போதும். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஞாயிறு மாலை ஆறு மணி. வீட்டு வேலை செய்கிற ஒரு பெண் அந்த நேரத்தில் அந்தப் படியை எப்படி ஏறி வருவார்?

நேரில் கூடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1992-ல் அமெரிக்காவில் சைஃபர்பங்க் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் முதலில் கூடியதும் ஒருவர் வீட்டில்தான் என்றும், 2012-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டத்தை எதிர்த்து, கணினி தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த கூட்டங்கள் பல நாடுகளுக்குப் பரவின என்றும் உங்களில் தாடி வைத்த ஒரு தம்பி சொன்னார். ஸிம்மர்மன் என்பவர் தன் பூட்டு மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பியதாக விசாரணைக்கு ஆளாகியிருந்த சமயத்தில், அதன் நிரல் முழுவதையும் 1995-ல் புத்தகமாகவே அச்சடித்தார்கள் என்றதைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தைப் பார்த்து நாட்டைவிட்டு வெளியே போகாதே என்று சொல்ல முடியாதல்லவா. காகிதத்தோடு வாழ்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

காகிதம் என்றதும் கடைசி விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் கோடு போட்ட ஒரு நோட்டு. பெயர், செல்பேசி எண், மெயில், வேலை செய்யும் இடம் என்று நான்கு கட்டம். உள்ளே வருகிற எல்லாரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். பத்தொன்பதாவது வரி என்னுடையது. எனக்கு மேலே இருந்த பதினெட்டுப் பேரையும் நான் படித்துவிட்டேன். வேண்டுமென்று படிக்கவில்லை. தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுகிற கண் இது, 32 வருடப் பழக்கம். அதில் ஒருவர் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறார். இன்னொருவர் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தால், இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வந்தார் என்று தெரிந்தால் அவருக்குத் தொந்தரவு வரும். நோட்டு கூட்டம் முடியும்வரை மேஜையிலேயே கிடந்தது.

அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். என் வரியையும் சேர்த்து. நாற்காலி எத்தனை வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் தலையை எண்ணுங்கள்.

நீலப் புடவை அம்மாவின் எண்ணும் அந்த நோட்டில் இருக்கும். அதைப் பார்த்து அவரைக் கூப்பிடாதீர்கள். அவர் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். அம்மா, அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும். உங்கள் கேள்வியை முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ளும்படி இவர்களிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெட்டியில் எழுதப்படாத தந்திப் படிவம் ஒன்று இருக்கிறது. சேவையை நிறுத்திய அன்று ஞாபகத்துக்கு எடுத்துவந்தது. மூன்றாவது ஞாயிறு கொண்டுவருகிறேன். கையில் வாங்கிக் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவர்
சென்னை